கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடம்

கேள்வி இது: "சின்ன வயதிலிருந்து காமிக்ஸ் படிக்கிறேன். பிடித்த கதை படமாகவோ தொடராகவோ வரும்போதெல்லாம் ஆசையோடு போய் உட்கார்ந்து ஏமாந்து எழுந்து வருகிறேன். கதையை மாற்றிவிடுவதால்தானே இப்படி ஆகிறது? புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்தால் என்ன? எடுத்தவற்றில் தேறியவை எவை?"

அப்படியே எடுத்தும் பார்த்துவிட்டார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2005-இல் 'சின் சிட்டி'யை எடுத்த ராபர்ட் ரோட்ரிகஸ், காமிக்ஸ் புத்தகத்தையே திரைக்கதையாக வைத்துக்கொண்டார். அதை எழுதி வரைந்த ஃபிராங்க் மில்லரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து இயக்குநராகப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சங்க விதி அதற்கு இடம் தரவில்லை. அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்திலிருந்தே விலகிவிட்டார். அவ்வளவு விசுவாசம். கறுப்பு வெள்ளை, அங்கங்கே ஒரு துளி நிறம், சாய்ந்து விழும் மழைக்கோடு, எல்லாமே புத்தகத்தில் இருந்தபடி. முதல்முறை வாய் பிளந்து பார்த்தேன். இரண்டாம் முறை பாதியிலேயே களைத்துப் போனேன். புத்தகத்தில் சரசரவென்று கடந்த தன்னுரை வரிகள், திரையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போயின. கண் ஒரு நொடியில் விழுங்குகிற வரியைக் காது ஐந்து நொடி மெல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது 2009-இல் வந்த 'வாட்ச்மென்'. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986, 87-இல் 12 இதழ்களாக வந்த கதை. இயக்குநர் ஸாக் ஸ்னைடர் முடிவை மட்டும் கணிசமாக மாற்றினார்; புத்தகத்தின் கடைசியில் நியூயார்க் நடுவே தோன்றும் ராட்சதக் கணவாய் மீன் போன்ற ஜந்து படத்தில் இல்லை. ரசிகர்கள் அந்தக் கணவாய்க்காகப் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு அது பெரிய இழப்பாகப் படவில்லை. இழந்தது வேறு. அந்தப் புத்தகத்தின் பெரும்பாலான பக்கங்கள் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்களாக அமைந்தவை. ஐந்தாம் இதழில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று எதிரொலிக்கும். இரண்டாம் பக்கமும் கடைசிக்கு முந்தைய பக்கமும் அப்படியே. அப்படியே உள்ளே வந்து நடுவில் ஒரு விரிந்த படத்தில் இரண்டு பாதியும் சந்திக்கும். இதைக் கண்டுபிடித்தவுடன் நான் செய்த முதல் வேலை பின்னால் புரட்டியது. அரங்கில் பின்னால் புரட்ட முடியாது. வீட்டில் ரிமோட் இருக்கிறதே என்பீர்கள். அது விட்டதைப் பிடிப்பது. புத்தகத்தில் புரட்டுவதோ படிப்பதின் ஒரு பகுதி.

ஒரு வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறேன். அந்தப் படத்தை வீட்டில் பார்த்தபோது மடியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, எங்கெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்த ஆள் நான். குறித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எனக்குக் கொட்டாவி வந்த இடங்களில் பெரும்பாலானவை குறியே விழாத பக்கங்கள்.

ஏன் என்பதற்கு ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' ஒரு விடை வைத்திருக்கிறது. காமிக்ஸைப் பற்றிய அந்தப் புத்தகமே காமிக்ஸ் வடிவில் இருக்கும். அதில் ஒரு கட்டத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நகரமும் ஓர் அலறலும் மட்டும். வெட்டு எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம், இதை எந்தக் கட்டமும் காட்டவில்லை. அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைப் பட்டையில் வெட்டியது வாசகர்தான் என்கிறார் மெக்ளவுட். ஆங்கிலத்தில் அந்தப் பட்டைக்கு 'கட்டர்' என்று பெயர். தெருவோரச் சாக்கடைக்கும் அதே சொல். காமிக்ஸில் மிக முக்கியமான நிகழ்வுகள் நடக்கிற இடத்துக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்.

சினிமாவில் அந்த இடம் கிடையாது. நொடிக்கு 24 ஃபிரேம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை எடிட்டர் முடிவு செய்துவிடுவார். காமிக்ஸில் அதை முடிவு செய்வது உங்கள் விரல். ஆகவே கட்டங்களை வரிசை மாறாமல் திரைக்குக் கொண்டுவந்தால் கட்டங்கள் வரும், நடுவில் இருந்த வெள்ளை வராது. நீங்கள் ஏமாந்து எழுந்ததற்குப் பாதிக் காரணம் இது என்று நினைக்கிறேன். உள்ளே நுழைந்து வேலை செய்து பழகியவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பரிமாறினால் சாப்பாடு ருசிக்காது.

அதனால் கதையை மாற்றினார்களா இல்லையா என்று நான் இப்போதெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த வெள்ளை இடத்துக்கு ஈடாக என்ன வைத்தார்கள் என்றுதான் பார்க்கிறேன். சிலர் இசையை வைத்தார்கள், சிலர் மௌனத்தை, சிலர் ஒரு வாரக் காத்திருப்பை. பலர் எதையும் வைக்கவில்லை, வெடிவிபத்தைத் தவிர.

என்னைக் கேட்டால், இந்த ஈடு மிக அழகாக அமைந்தது சூப்பர் ஹீரோ கதை எதிலும் இல்லை. 'பீனட்ஸ்' என்ற நாலு கட்டத் துணுக்கில்தான். சார்லஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை வரைந்தார். மொத்தம் 17,897 துணுக்குகள். உதவியாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு கோட்டையும் தானே போட்டார். கடைசி ஞாயிற்றுக்கிழமைத் துணுக்கு அச்சில் வந்த காலையில் அவர் உயிரோடு இல்லை, முந்தின இரவே இறந்துவிட்டார். எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியாத முடிவு.

நாலு கட்டத்தைப் படிக்கப் பத்து நொடி. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரு பையன் சும்மா நிற்பான், அல்லது இரண்டு பேர் மதில்மேல் கை ஊன்றி எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சும்மாவில்தான் சிரிப்பும் வலியும் இருக்கும். இதை அரைமணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக எப்படி இழுப்பது? 'பீனட்ஸ்' பிள்ளைகளை வைத்து 1965 டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பான 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' செய்த காரியங்களைப் பாருங்கள். குழந்தைகளுக்குக் குரல் கொடுக்கக் குழந்தைகளையே பிடித்தார்கள். அதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத சிறுமி ஒருத்தி. அவளுக்கு வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்துப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு நடுவே விழுந்த சின்னத் தயக்கம் எந்த நடிப்புப் பள்ளியிலும் கிடைக்காதது. அந்தக் கால வழக்கப்படி பின்னாலிருந்து கூட்டச் சிரிப்பைச் சேர்க்கும் யோசனை வந்தபோது ஷுல்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கே சிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தால் மூன்றாவது கட்டம் செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

அப்புறம் வின்ஸ் குவரால்டியின் பியானோ. பனி பெய்யும் குழந்தைகள் கார்ட்டூனுக்கு மூன்று பேர் வாசிக்கும் ஜாஸ். நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டியபோது தொலைக்காட்சி நிறுவன அதிகாரிகளுக்குப் பிடிக்கவே இல்லை. மெதுவாகப் போகிறது, இசை ஒட்டவில்லை என்றார்கள். அது ஒட்டியதற்குக் காரணமே அந்த மெதுதான். ஜாஸ் பியானோவில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது. அந்தக் காற்றுதான் இங்கே வெள்ளைப் பட்டை. இந்த நிகழ்ச்சிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்ட 'லைனஸ் அண்ட் லூசி' என்ற துள்ளல் மெட்டு, அதற்கு முன்பு ஷுல்ஸைப் பற்றி எடுத்து ஒளிபரப்பாகாமலே போன ஓர் ஆவணப்படத்துக்காகப் போட்டது. போட்ட இடத்தில் கேட்க ஆளில்லாமல், வந்து சேர்ந்த இடத்தில் ஊரே முணுமுணுத்தது.

விசுவாசம் பற்றிக் கேட்டீர்களே, இதைக் கவனியுங்கள். ஸ்னூப்பி என்ற நாயைத் துணுக்கில் எல்லோருக்கும் பிடிக்கக் காரணம், அதன் தலைக்குமேல் மிதக்கும் சிந்தனைக் குமிழிகள். தான் ஒரு போர் விமானி, தான் ஒரு நாவலாசிரியர் என்று அது பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அதன் மனக்குரலைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். நாய் பேசாது, நினைப்பதும் கேட்காது. இயக்குநர் பில் மெலெண்டஸ் தன் குரலிலேயே உளறி, அதை வேகமாக ஓடவிட்டு எடுத்த கிறீச்சொலி மட்டும்தான். மூலத்தின் உயிர்நாடி என்று எவரும் சொல்லியிருக்கக்கூடியதை எடுத்துவிட்டார்கள், யாரும் அழவில்லை. இன்னொன்று. துணுக்கில் பெரியவர்களை நாம் பார்ப்பதில்லை. அவர்கள் கட்டத்துக்கு வெளியே எங்கோ இருப்பார்கள். பின்னால் வந்த நிகழ்ச்சிகளில் ஆசிரியை பேசினால் டிராம்போன் வாத்தியம் 'வா வா வா' என்று முழங்கும். பதிலுக்குக் குழந்தை பேசுவதை வைத்து ஆசிரியை என்ன சொன்னார் என்று நாமே ஊகிக்க வேண்டும். கட்டத்துக்கு வெளியே இருந்ததைக் காதுக்கு வெளியே வைத்தார்கள்.

இசை என்று வந்தாலே எனக்கு ஒரு கிறுக்கு. சத்தமே இல்லாத காகிதத்தில் பாட்டை எப்படி வரைகிறார்கள் என்று தேடித் தேடிப் பார்ப்பேன். 'பீனட்ஸ்' ஷ்ரோடர் தன் பொம்மைப் பியானோவில் வாசிக்கும்போது தலைக்குமேல் வரும் சுரக்குறிகள் வெறும் அலங்காரம் அல்ல. பீத்தோவனின் உண்மையான இசைத்தாள்களைப் பார்த்து ஷுல்ஸ் எழுதியவை. சங்கீதம் தெரிந்தவர் அந்தத் துணுக்கைக் கண்ணால் கேட்கலாம். எர்ஜேயின் 'டின்டின்' கதைகளில் வரும் பாடகி பியாங்கா கஸ்தஃபியோரே நேர் எதிர். அவள் எப்போதும் பாடுவது குனோவின் 'ஃபௌஸ்ட்' ஓபராவில் வரும் நகைப் பாட்டு. அந்தப் பாட்டை வாழ்நாளில் கேட்டிராத நானும் எட்டு வயதில் அவள் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் கேப்டன் ஹேடாக்கோடு சேர்ந்து பொத்திக்கொண்டேன். காகிதத்தில் அவள் குரல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடூரமாக இருக்கலாம், கேட்பது நம் கற்பனை. 2011-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் அவள் பாடுகிறாள், கண்ணாடி நொறுங்குகிறது. ஆனால் பாடுவது தேர்ந்த ஓபரா குரல். நன்றாகவே இருக்கிறது! அங்கே நகைச்சுவையில் பாதி போய்விட்டது.

அந்தப் படத்தை மோசம் என்று சொல்லமாட்டேன். ஒரே ஷாட்டில் வெட்டில்லாமல் ஓடும் மோட்டார் சைக்கிள் துரத்தல் ஒன்று இருக்கிறது. அதற்காக மட்டும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். என் மனக்குறை முகத்தில். எர்ஜேயின் கோடு எங்கும் ஒரே தடிமன், நிழல் கிட்டத்தட்ட இல்லை. டின்டினின் கண்கள் இரண்டு புள்ளிகள். முகத்தில் அவ்வளவு காலியிடம் இருந்ததால்தான் யார் வேண்டுமானாலும் அதற்குள் புகுந்துகொள்ள முடிந்தது. படத்தில் அந்த முகத்துக்குத் தோலும் துவாரமும் முடியும் முளைத்துவிட்டன. இப்போது அது இன்னொருவன். அவன் ஓடுகிறான், நாம் பார்க்கிறோம்.

டின்டினில் எனக்கு மிகப் பிடித்த புத்தகத்தைப் பெரிய திரைக்கு யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது. 1963-இல் புத்தகமாக வந்த 'கஸ்தஃபியோரேயின் நகைகள்'. 62 பக்கத்தில் வில்லன் கிடையாது, பயணம் கிடையாது, யாரும் வீட்டைவிட்டு உருப்படியாக எங்கும் போவதில்லை. படிக்கட்டில் ஒரு கல் உடைந்திருக்கிறது. ஒவ்வொருவராக அதில் வழுக்கி விழுகிறார்கள். தொலைபேசி அடித்தால் இறைச்சிக்கடையைத் தேடும் தவறான அழைப்பு. இது வாரப் பத்திரிகைத் தொடராக வந்தபோது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஏதோ நடக்கப்போவதுபோல ஒரு கொக்கி இருக்கும். அடுத்த வாரம் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. மொத்தப் புத்தகமும் அந்தக் கொக்கியை வைத்து வாசகரோடு ஆடிய கண்ணாமூச்சி. இதைத் திரையில் எடுத்தால் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

கதாசிரியர்கள் தாங்களே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஆஸ்டெரிக்ஸ்'. அந்தக் காமிக்ஸை உருவாக்கிய கொசினியும் உதெர்சோவும் 1976-இல் கொடுத்த 'ஆஸ்டெரிக்ஸின் பன்னிரண்டு பணிகள்' படத்துக்கு எந்தக் காமிக்ஸ் புத்தகமும் மூலமல்ல. திரைக்கென்றே யோசித்த கதை. ரோமானிய அலுவலகம் ஒன்றில் ஏ38 என்ற படிவத்தை வாங்கிவர வேண்டும். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னல், மாடி ஏறி, மாடி இறங்கி, மறுபடி முதல் ஜன்னல். இதையே பக்கத்தில் வரைந்திருந்தால் எல்லா ஜன்னலும் ஒரே பார்வையில் தெரிந்துபோகும். திரையில் நாமும் அவர்களோடு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நேரத்தைப் பிடுங்குகிறார்கள், அதுவே நகைச்சுவை. அரசு அலுவலகம் பார்த்த எவரும் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். அந்த வரிசையில் எனக்கு ஆக நெருக்கமான படம் எந்தப் புத்தகத்துக்கும் விசுவாசமாக இல்லை.

'மூலம்' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 1938-இல் வந்த முதல் கதையில் சூப்பர்மேன் பறக்கமாட்டான். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவுதான். 1941-இல் ஃபிளெய்ஷர் ஸ்டுடியோ கார்ட்டூன் எடுத்தபோது, அவன் தத்தித் தத்திப் போவது அசைவில் கோமாளித்தனமாக இருந்தது; பறக்கவிட்டார்கள். அவனை வீழ்த்தும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலி நாடகத்தில் பிறந்து, 1949-இல்தான் காமிக்ஸுக்குள் வந்தது. ஜிம்மி ஓல்சன் என்ற பையனுக்குப் பெயர் கிடைத்ததும் வானொலியில்தான். நாம் 'அசல்' என்று கட்டிக்கொண்டு அழுவதில் எவ்வளவோ இரவல்.

பேட்மேனிலும் இதே கதை. 1966 முதல் 1968 வரை 120 எபிசோடுகள் ஓடிய தொலைக்காட்சித் தொடரை என் பதின்வயதில் அடியோடு வெறுத்தேன். குத்து விழும்போதெல்லாம் 'பவ்', 'ஸாக்' என்று திரை நிறைய எழுத்து. இருட்டும் சோகமுமாக இருக்க வேண்டிய என் நாயகனைக் கேலி செய்கிறார்களே என்று கோபம். இப்போது பார்த்தால் அதைப்போல் புத்திசாலித்தனமான கேலி அபூர்வம். முதல் இரண்டு சீசனிலும் பெரும்பாலும் வாரம் இரண்டு இரவு: முதல் இரவு நாயகர்கள் ஏதோ இயந்திரத்தில் கட்டுண்டு கிடப்பார்கள், நாளை இதே நேரம் வாருங்கள் என்று ஒரு குரல் பரபரக்கும், மறுநாள் சிரிப்பூட்டும் சுலபத்தில் தப்பிவிடுவார்கள். இருபத்துநாலு மணி நேர வெள்ளைப் பட்டை! தலைப்புப் பாட்டின் வரிகளும் அதே துணிச்சல். ஒரே ஒரு சொல், திரும்பத் திரும்ப.

1992-இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர்தான் எனக்கு பேட்மேன் என்றால் பேட்மேன். பின்னணிக் காட்சிகளை வெள்ளைக் காகிதத்தில் வரைவது வழக்கம். இவர்கள் கறுப்புக் காகிதத்தில் வண்ணம் வைத்து வரைந்தார்கள். இருட்டு ஏற்கெனவே இருந்தது, தேவையான இடத்தில் மட்டும் வெளிச்சம். அதன் தொடக்கக் காட்சியில் தொடரின் பெயரே வராது. ஒரு நிமிடம், பேச்சில்லை, எழுத்தில்லை. திருடர்கள், கூரை, நிழல், மின்னல், டேனி எல்ஃப்மனின் இசை. அவ்வளவில் யார் கதை என்று தெரியாதவர் எழுந்து போகலாம் என்பதுபோல ஒரு திமிர். ஷர்லி வாக்கர் தலைமையில் எபிசோடுகளுக்கு முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு புதிதாக இசை எழுதினார்கள், கார்ட்டூன்தானே என்று கையைச் சுருக்கவில்லை. பால் டினியும் புரூஸ் டிம்மும் இந்தத் தொடருக்காக உருவாக்கிய ஹார்லி குவின் இன்று காமிக்ஸில் பெரிய ஆள். மிஸ்டர் ஃபிரீஸ் என்ற பனி வில்லனுக்கு நோயுற்ற மனைவி என்ற துயரத்தைக் கொடுத்ததும் இந்தத் தொடர்தான். காமிக்ஸ் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டது. பிள்ளை தகப்பனுக்குப் பாடம் சொன்ன கதை.

ஜப்பானியப் பக்கம் ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். கட்சுஹிரோ ஓட்டோமோ 1982-இல் 'அகிரா'வை வரையத் தொடங்கி 1990-இல் முடித்தார். படம் 1988-இலேயே வந்துவிட்டது, அவரே இயக்கியது. ஈராயிரம் பக்கத்துக்கு மேல் விரியும் கதை இரண்டு மணி நேரத்துக்குள் எப்படி அடங்கும்? அடங்கவில்லை. பாதிக் கதாபாத்திரங்களைக் காணோம், கடைசி அரைமணி நேரம் முதல் தடவையில் எனக்குப் புரியவும் இல்லை. ஆனால் இரவில் பைக்குகள் திரும்பும்போது பின்விளக்கின் சிவப்பு கோடாக இழுபட்டுக் காற்றில் ஒரு கணம் நின்று பிறகு மறைவதைப் பார்த்திருக்கிறீர்களா? காகிதத்தில் வேகத்தைக் காட்டப் போடுகிற கோடு அது. கோட்டை அப்படியே நகலெடுக்காமல் அதற்குத் திரையில் ஒரு வெளிச்சக் காரணம் கண்டுபிடித்தார். கேநோ யமாஷிரோகுமி என்ற குழுவின் இசையில் கமலான் என்ற இந்தோனேசியத் தாளவாத்திய இசையும் ஜப்பானிய மந்திர ஓதலும் கலந்து வரும். கதை புரியாத இடத்திலும் அது பிடரியைப் பிடித்து உட்காரவைக்கும். 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கதையான 'ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷன் படம் இதே வழியில் இன்னும் ஒரு படி போனது. பயிற்சி இல்லாத பையன் மைல்ஸ் தாவும்போது ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி வைத்தார்கள். நொடிக்கு 12 அசைவுதான். பக்கத்தில் தாவும் அனுபவசாலிக்கு 24. ஒருவன் தடுமாறுகிறான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் கண் உணர்ந்துகொள்கிறது. அசைவுக்குள்ளேயே சின்னச் சின்ன வெள்ளைப் பட்டைகளைத் திணித்த ஒரே படம் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

சரி, என் நெடுநாள் புலம்பல் ஒன்று. இன்றைய சூப்பர் ஹீரோ படங்களின் இசையில் எதை நீங்கள் முணுமுணுப்பீர்கள்? 1978 'சூப்பர்மேன்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட தலைப்பிசையில் உச்சத்தில் வரும் மூன்று சுரங்கள் எனக்கு 'சூ-பர்-மேன்' என்றே கேட்கும். பாடலே இல்லாமல் பெயரைச் சொல்லிவிட்டார். இப்போது இது நடக்காததற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. எடிட்டிங் மேசையில் வெட்டும்போதே ஏற்கெனவே வந்த வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். வாரக்கணக்கில் அதைக் கேட்ட இயக்குநருக்கு அது பழகிவிடும். இசையமைப்பாளர் வரும்போது 'இதேபோல, ஆனால் இதுவல்லாமல்' என்று கேட்பார். நகலின் நகல் பிறக்கும். இந்த நோயின் புகழ்பெற்ற பலி 1968-இன் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. அலெக்ஸ் நார்த் எழுதித் தந்த இசையைத் தள்ளிவிட்டு, ஏற்கெனவே ஒட்டிப் பார்த்துப் பழகிய செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார் ஸ்டான்லி குப்ரிக். அங்கே கிடைத்தது ஒரு மகத்தான படம் என்பது என் வாதத்துக்கு இடைஞ்சல்தான். ஆனால் எல்லோரும் குப்ரிக் இல்லை.

இசைக்காகவே 'வாட்ச்மென்' படத்துக்கு ஒரு மன்னிப்பும் தர வேண்டும். பெயர்கள் ஓடும் தொடக்கத்தில் பாப் டிலனின் பழைய பாட்டு ஒலிக்க, நாயகர் கூட்டத்தின் பல ஆண்டு வரலாறு ஏறக்குறைய அசையாத படங்களாக நகரும். ஒவ்வொன்றையும் கண் மேய நேரம் கொடுக்கிறார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்று நாமே பூர்த்தி செய்கிறோம். படத்திலேயே காமிக்ஸ் படிக்கும் உணர்வைத் தந்த அந்தச் சில நிமிடங்கள் புத்தகத்தில் அப்படி ஒரு காட்சியாக இல்லவே இல்லை.

தொலைக்காட்சிக்கு வருவோம். வாரம் ஓர் எபிசோடு என்ற பழைய முறையில் அந்த ஏழு நாள்தான் வெள்ளைப் பட்டை. அந்த ஏழு நாளில் நண்பர்களோடு போட்ட ஊகச் சண்டைகள் கதையைவிடச் சுவையானவை. ஒரு சீசனை ஒரே இரவில் கொட்டும் வழக்கம் வந்த பிறகு ஊகிக்க நேரமில்லை. தொடக்க இசையைத் தாண்டச் சொல்லி ஒரு பொத்தான் வேறு. நானும் அமுக்குகிறேன், மறைப்பானேன். ஆனால் அமுக்கிய தொடர்களில் ஒன்றின் மெட்டும் நினைவில் இல்லை. ஜாம்பிக் கதையான 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸ் 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள் வந்தது. தொலைக்காட்சியில் 2010 முதல் 2022 வரை 177 எபிசோடுகள். தொடரில் எல்லோரும் கொண்டாடிய டாரில் காமிக்ஸில் இல்லாத ஆள். முதல் சீசன் ஆறே எபிசோடுதான், அது இன்றும் நிற்கிறது. பின்னால் வந்ததில் நிறையத் தண்ணீர். காமிக்ஸை எழுதிய ராபர்ட் கிர்க்மனோ, இனி வரப்போகும் இதழ்களுக்குப் பொய் அட்டைகளைக்கூட அறிவித்துவிட்டு, திடீரென்று ஒருநாள் இதுதான் கடைசி என்று முடித்துவிட்டார். எப்போது நிறுத்துவது என்பதில் காகிதம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், அந்த 1965 சார்லி பிரவுன் நிகழ்ச்சி, அரைமணிகூட ஆகாது. பிறகு 1992 பேட்மேனில் மிஸ்டர் ஃபிரீஸ் வரும் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடு. பிறகு ஏ38 படிவம். 'வாட்ச்மென்' பெயரில் 2019-இல் ஒன்பது எபிசோடாக வந்த தொடர், புத்தகத்தை மறுபடி எடுக்காமல் அது முடிந்த இடத்திலிருந்து பல்லாண்டு தள்ளித் தொடங்குகிறது. அந்தக் கணவாய் அங்கே வந்து விழுகிறது, எல்லோரும் கேட்டபடியே. அதைப் பார்க்கும்போது மட்டும் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை மடியில் வைக்காமல்.